இலவச வைத்தியமும் இழந்த நாட்கூலியும்: வாய்ப் புற்றுநோயின் கணக்கு

கண்டியிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் வீதியில், பேராதனையைக் கடந்து சில கிலோமீற்றர் தூரத்தில் அமைந்துள்ளது கெலிஓயா. உடுநுவரைப் பிரதேசத்தின் கிராமங்களிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து கூடும் இச்சிறு நகரில் முஸ்லிம், தமிழ், சிங்கள மக்கள் அருகருகே வாழ்ந்து வருகின்றனர். இவர்களிடையே மொழியாலும் மதத்தாலும் வேறுபாடுகள் பல இருக்கலாம். ஆனால் கடைவாயில் ஒதுக்கிய வெற்றிலைக்கூறு என்ற ஒன்றில் மட்டும் எவ்வித வேறுபாடும் இருந்ததில்லை. எமது திருமண வீடுகளில் தாம்பூலத் தட்டு வைக்கப்படுகிறது. முஸ்லிம் வீடுகளில் வெற்றிலை வட்டா வைக்கப்படுகிறது. சிங்கள வீடுகளில் புத்தாண்டில் மூத்தோருக்கு வெற்றிலை கொடுத்து வணங்குகின்றனர்.

இப்பழக்கம் இன்று நேற்று வந்ததன்று. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் றொபேர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தமது நூலில், இந்நாட்டு மக்கள் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மென்றதை விவரித்துள்ளார். அவர் வாழ்ந்த எலதெத்த என்னும் ஊர் இதே உடுநுவரையைச் சேர்ந்தது என்பதை நம்மவர் பலர் அறியார். அக்காலத்தில் கண்டிப் பகுதியின் பாக்கு, கரையோரத் துறைமுகங்கள் வழியாகத் தென்னிந்தியாவுக்கு ஏற்றுமதியான பெறுமதிமிக்க பண்டமாகவும் விளங்கியது. ஆகவே வெற்றிலையை வெறும் கெட்ட பழக்கம் என ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது இலகுவன்று. அது உபசாரம், மரியாதை, பலருக்குச் சிறு வருமானம். இத்தனையும் உண்மையாயிருக்க, அதன் மறுபக்கத்தில் ஒரு கணக்கும் இருக்கின்றது. அக்கணக்கையே நாம் இங்கு பார்க்க விரும்புகின்றோம்.

இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயாகும். தேசிய புற்றுநோய்ப் பதிவேட்டில் இந்நிலை நெடுங்காலமாக மாறவில்லை. ஆண்டுதோறும் 2,000 க்கும் அதிகமானோர் புதிதாக இந்நோய்க்கு ஆளாகின்றனர்; அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு பேர். உலக அளவில் பார்த்தால், 2022 ஆம் ஆண்டில் உதடு மற்றும் வாய்க்குழிப் புற்றுநோய்க்குப் புதிதாக ஆளானோர் ஏறத்தாழ 3,89,800 பேர் என சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் சுமார் 1,20,200 பேருக்கு, அதாவது மூவரில் ஒருவர் அளவுக்கு, புகையற்ற புகையிலையும் பாக்குமே நோய்க்குக் காரணமாகியுள்ளன என அம்முகவரகத்தின் ஆய்வாளர்கள் 2024 இல் அறிவித்தனர். அந்த மூன்றிலொரு பங்கின் பெரும்பகுதி தெற்காசியாவைச் சேர்ந்தது என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்நோய்க்கும் வெற்றிலைக்கும் உள்ள தொடர்பை வைத்தியர்கள் அறிந்துகொண்டது அண்மையில் அல்ல. இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே மிஷன் வைத்தியசாலையில் பணிபுரிந்த ஓர் என்னும் வைத்தியர், வெற்றிலை மெல்லுவோரிடையே வாய்ப் புற்றுநோய் மிகுந்திருப்பதைப் பற்றி 1933 இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அதாவது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இது தெரிந்த விடயம். தெரிந்திருந்தும் நாம் இழந்த உயிர்கள் எத்தனை என்று எண்ணும்போதுதான் மனம் கனக்கின்றது.

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலையும் பாக்கும்தான்" என்று கூறித் தம்மைத் தேற்றிக்கொள்வோர் நம்மிடையே ஏராளம். இவ்விடத்தில் சற்று நின்று விளக்க வேண்டியுள்ளது. 1985 இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூறு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என உறுதிசெய்தது. புகையிலை சேராத வெற்றிலைக்கூறு குறித்துப் போதிய சான்று அன்று இருக்கவில்லை. பின்னர் தாய்வானிலிருந்து வந்த ஆய்வுகள் நிலைமையை மாற்றின. அங்கு பாக்கு மெல்லுவோர் பொதுவாகப் புகையிலை சேர்ப்பதில்லை. இருந்தும் அவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. இவ்வாறான சான்றுகளை ஆராய்ந்த அம்முகவரகம், 2004 இல் வெளியிட்ட தனது தொகுப்பில், புகையிலை சேராத வெற்றிலைக்கூறும், ஏன், பாக்கு மட்டுமே கூட, புற்றுநோயை உண்டாக்கும் முதல் வகுப்புப் பொருட்கள் என அறிவித்தது. புகைத்தலும் மதுபானமும் இவற்றோடு சேரும்போது ஆபத்து கூட்டலாக அன்றிப் பெருக்கலாகவே உயர்கின்றது.

பாக்கு வாயில் என்ன செய்கின்றது? பாக்கிலுள்ள அரிகோலின் என்ற இரசாயனம் உடலில் ஒருவித உற்சாகத்தை உண்டாக்குகின்றது. கொட்டும் மழையில் கொழுந்து பறிக்கும் தாய்க்குக் குளிரும் பசியும் தெரியாமல் இருப்பதும், இரவு முழுவதும் லொறி ஓட்டுபவருக்குத் தூக்கம் வராமல் இருப்பதும் இதனாலேயே. சுண்ணாம்பு அந்த இரசாயனத்தை விரைவாக வெளிப்படுத்துவதோடு, கன்னத்தின் உட்புறச் சவ்வையும் அரிக்கின்றது. பாக்கிலிருந்து வாயினுள்ளேயே நைத்ரோசமைன் எனப்படும் நச்சுப் பொருட்கள் உருவாகின்றன. புகையிலை சேர்ந்தால் அதற்கேயுரிய நைத்ரோசமைன்களும் சேர்ந்துகொள்ளும். கூறை எந்தக் கன்னத்தில் ஒதுக்கி வைக்கின்றோமோ பெரும்பாலும் அந்தக் கன்னத்திலேயே நோய் தோன்றுவதற்கு இதுவே காரணம். இரவில் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டே உறங்குவோருக்கு ஆபத்து மேலும் அதிகம்.

எனினும் வாய்ப் புற்றுநோய் ஒரே இரவில் வருவதில்லை. அதுவே நமக்குக் கிடைத்துள்ள பெரிய வாய்ப்பு. பெரும்பாலானோரில் புற்றுநோய்க்கு முன்பாக, சில வேளை பல ஆண்டுகளுக்கு முன்பாகவே, எச்சரிக்கை அடையாளங்கள் தோன்றுகின்றன. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ துடைத்தாலும் போகாத வெண்ணிறப் படலம் ஒன்று. செந்நிறப் படலம் இன்னொன்று; இது காண அரிது, ஆயினும் வெண்படலத்தைவிட ஆபத்தானது. மூன்றாவது, பாக்கு மெல்லுவோருக்கே உரித்தான ஒரு நோய். வாயின் உட்சவ்வு நார்போல இறுகி, காரமான கறி பட்டாலே எரிந்து, வாய் படிப்படியாகத் திறக்க முடியாமற் போகும். மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லையெனில் சந்தேகிக்க வேண்டும். இந்நோய்க்கு இளைஞர்களும் ஆளாவது கவனத்துக்குரியது. பாபுல், மாவா எனக் கவர்ச்சியான உறைகளில் வந்த பாக்குக் கலவைகள் பாடசாலைப் பிள்ளைகளின் கைகளுக்கும் எட்டியதை நாம் கண்டுள்ளோம். இவை தவிர, இரண்டு மூன்று வாரங்கள் கடந்தும் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் வலியற்ற கட்டி ஆகியனவும் அலட்சியப்படுத்தக் கூடாதவை. வலியில்லை என்பதால் நோயில்லை என்று எண்ணுவதே நம்மவர் செய்யும் பெருந்தவறு. ஆரம்பப் புற்றுநோய்க்கு வலி இருப்பதில்லை.

சப்ரகமுவ மாகாணத்தில் 30 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், நூற்றுக்கு 11 பேரளவில் இத்தகைய புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் காணப்பட்டதாக 2010 இல் வெளியான கட்டுரையொன்று கூறுகின்றது. கிராமமும் தோட்டமும் அடுத்தடுத்து அமைந்த மாகாணம் அது. நமது கண்டி மாவட்டத்தின் வாழ்க்கை முறைக்கு அதிகம் வேறுபட்டதன்று.

இனிப் பொருளாதாரத்துக்கு வருவோம். நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். சத்திரசிகிச்சைக்கோ கதிர்வீச்சுக்கோ நோயாளி கட்டணம் செலுத்துவதில்லை. அயல்நாடுகள் பலவற்றில் வாய்ப் புற்றுநோய் ஒரு குடும்பத்தின் காணி பூமியை விற்கச் செய்துவிடும் நிலையில், இது நாம் பெருமைப்படத்தக்க ஏற்பாடுதான். ஆனால் இலவசம் என்பது நோயாளிக்குச் செலவே இல்லை என்பதன்று.

நோய் முற்றிய ஒருவருக்குப் பொதுவாகச் சத்திரசிகிச்சையும் அதன்பின் கதிர்வீச்சும் வழங்கப்படும். கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் ஆறு முதல் ஏழு வாரங்கள் வரை நீடிக்கும். அதாவது 30 முதல் 35 நாட்கள். வாயும் தொண்டையும் புண்ணாகி, சோறு விழுங்க முடியாத நிலையில் நோயாளி தனியே போய்வர முடியாது; துணைக்கு ஒருவர் வேண்டும். நோயாளியும் துணைக்குச் செல்பவரும் நாட்கூலிக்காரர்கள் என்றால், கதிர்வீச்சுக்கு மட்டுமே 60 முதல் 70 நாட்களின் சம்பளம் அக்குடும்பத்துக்கு இல்லாமற் போகின்றது. சத்திரசிகிச்சைக்கு வாட்டில் கிடந்த நாட்கள், அதற்கு முன் திசுப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் கிளினிக்குக்கும் அலைந்த நாட்கள், பின்னர் தொடர்ச்சியாகக் காட்டச் செல்லவேண்டிய நாட்கள் ஆகியன இக்கணக்கில் சேரவில்லை. கண்டி தேசிய வைத்தியசாலையில் கதிர்வீச்சுப் பிரிவு இருப்பது நம் பகுதியினருக்கு ஆறுதல். மகரகம வரை செல்ல நேரும் குடும்பம் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கைமாற்று வாங்காமல் சமாளிப்பது அரிது. நகை அடகுக் கடைக்குப் போகின்றது. பிள்ளையின் ரியூஷன் வகுப்பு நிற்கின்றது. சில வீடுகளில் பிள்ளையே படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகின்றது. வைத்தியசாலைப் பதிவுகளில் இவை எதுவும் எழுதப்படுவதில்லை.

சிகிச்சை முடிந்தபின் தொடரும் வாழ்வும் இலகுவானதன்று. நாக்கின் ஒரு பகுதியை இழந்தவர் பேசுவது பிறருக்கு விளங்காது. தாடை எலும்பின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர் நாலுபேர் முன்னிலையில் சாப்பிட வெட்கப்படுவார். கதிர்வீச்சினால் உமிழ்நீர் சுரப்பு குன்றி, ஒரு பிடி சோற்றை இறக்கவும் தண்ணீர் தேவைப்படும். பற்கள் விரைவாகச் சொத்தையாகும். கடை வைத்திருந்தவர், பாடம் சொல்லிக் கொடுத்தவர், சந்தையில் கூவி விற்றவர், பள்ளிவாசலில் பாங்கு சொன்னவர், கோயிலில் தேவாரம் பாடியவர் - வாயை நம்பிப் பிழைத்தோரும் வாயால் மதிக்கப்பட்டோரும் எத்தனை பேர்! அவர்கள் இழப்பதை எந்த நாணயத்தில் மதிப்பிடுவது?

அரசாங்கத்தின் பக்கமும் சுமை சிறிதன்று. முற்றிய நோய்க்கான சத்திரசிகிச்சை பல மணித்தியாலங்கள் நீடிப்பது. கையிலிருந்தோ காலிலிருந்தோ தசையும் எலும்பும் எடுத்து முகத்தைச் சீரமைக்க நேரிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் வேண்டும். விலையுயர்ந்த மருந்துகள் வேண்டும். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடும் எரிபொருள் வரிசையும் ஒரே நேரத்தில் வந்தபோது, புற்றுநோயாளர் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். மருந்து இருந்த நாளில் பஸ் இல்லை. பஸ் ஓடிய நாளில் மருந்து இல்லை என்ற நிலை அது. ஆரம்பத்திலேயே கண்டறியப்பட்ட சிறு கட்டியை அகற்றுவதோ இவற்றோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிய வேலை. உயிர் பிழைப்பதும் அவ்வாறே. ஆரம்பக் கட்டத்தில் சிகிச்சை பெறுவோரில் பத்துக்கு எட்டுப் பேரளவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். முற்றிய பின் வருவோரில் பாதிப்பேர் கூட அவ்வளவு காலம் வாழ்வதில்லை. இலங்கையில் பெரும்பாலானோர் முற்றிய பின்னரே வருகின்றனர் என்பதுதான் துயரம்.

ஏன் இந்தத் தாமதம்? வைத்தியசாலை தூரம் என்று சொல்லலாமா? கெலிஓயாவைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல வழியில்லை. அண்மைக் காலம் வரை நாட்டின் ஒரேயொரு பல்மருத்துவ பீடமாக விளங்கிய பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பீடமும், அதனோடு இணைந்த பல் போதனா வைத்தியசாலையும், கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் சென்றடையக்கூடியவை. நாட்டின் நாலாபுறத்திலிருந்தும் வாயின் திசு மாதிரிகள் பரிசோதனைக்காக வந்துசேரும் இடம் பேராதனை. இந்நோய் பற்றிய அறிவு மிகுந்த ஓரிடத்தின் வாசற்படியில் இருந்துகொண்டு நாம் காலந்தாழ்த்துகின்றோம் என்றால், தூரம் கிலோமீற்றரில் இல்லை என்பது தெளிவு.

இதற்குச் சான்றாக நமது நாட்டிலேயே நடந்த ஒரு முயற்சியைக் கூறலாம். பின்னாளில் வாய்ப் புற்றுநோய் ஆய்வில் உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவருடைய சகாக்களும், 34 ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கு வாயைப் பரிசோதிக்கும் எளிய பயிற்சியை அளித்தனர். அவ்வூழியர்கள் தமது வழமையான கடமையோடு ஓராண்டில் 28,000 க்கும் அதிகமானோரின் வாய்களைப் பார்த்தனர். சந்தேகத்துக்குரிய மாற்றங்களுடன் காணப்பட்ட 1,200 பேரளவில் மேலதிகப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டனர். 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியான இதன் முடிவுகள் இரண்டு உண்மைகளை உணர்த்தின. முதலாவது, வைத்தியரல்லாத ஊழியர்களின் கண் நம்பத்தகுந்தது. அவர்கள் அனுப்பி, வந்து காட்டியோரில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் விடயத்தில் அவர்களின் கணிப்புச் சரியாயிருந்தது. இரண்டாவது, அனுப்பப்பட்டோரில் ஏறக்குறைய பாதிப்பேரே பரிசோதனைக்கு வந்தனர். மறுபாதியினர் வரவேயில்லை.

அந்த மறுபாதியினரைப் பற்றித்தான் நாம் அதிகம் சிந்திக்க வேண்டும். துண்டு கையில் இருந்தும் அவர்கள் ஏன் வரவில்லை? ஒரு நாட்கூலி போய்விடும் என்ற கவலை. புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்ற தவறான நம்பிக்கை. மகளின் கலியாணப் பேச்சு நடக்கும்போது வீட்டில் இந்த நோய் என்று ஊருக்குத் தெரியக் கூடாது என்ற கூச்சம். வைத்தியசாலையில் தமது மொழி விளங்காதோ என்ற தயக்கம். பெண்களாயின் கூட வருவதற்கு ஆளில்லாத நிலை. வாசகர் எவரும் தமது உறவினரிடையே இவற்றுள் ஒன்றையேனும் கண்டிருப்பார். இவற்றில் எதையும் புதிய இயந்திரம் ஒன்றை இறக்குமதி செய்வதால் தீர்க்க இயலாது.

வாயைப் பார்ப்பதால் உயிர் காக்கப்படும் என்பதற்கு உறுதியான சான்று கேரளத்திலிருந்து வந்தது. திருவனந்தபுரத்தில் 1996 இல் தொடங்கிய பெரும் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடுகளுக்குச் சென்று மக்களின் வாய்களைப் பரிசோதித்தனர். புகையிலையோ மதுவோ பாவிப்போரிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள் 34 வீதம் குறைந்தன என 2005 இல் லான்செட் சஞ்சிகையில் அறிவிக்கப்பட்டது. தேவைப்பட்டவை நல்ல வெளிச்சம், பயின்ற கண், கதவைத் தட்டும் கை ஆகியனவே. நமது நாட்டில் குடும்பநல உத்தியோகத்தர் செல்லாத வீடே இல்லை எனலாம். தாய் சேய் நலனில் உலகம் மெச்சும் சாதனையை நிலைநாட்டிய அதே கட்டமைப்பு, வீட்டிலுள்ள ஐம்பது வயதுத் தாத்தாவின் வாயைக் கவனிப்பதற்கு மட்டும் ஏன் போதிய அளவில் பயன்படவில்லை? அவர்களின் வேலைப்பளு மிகுந்துள்ளது என்பது உண்மையே. ஆயினும் சுகாதார அமைச்சு தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் வாய்ப் பரிசோதனையும் ஓர் அங்கமாக உள்ளது. அங்கே நீரிழிவும் இரத்த அழுத்தமும் பார்க்கச் செல்வோர் வாயையும் பார்க்கும்படி கேட்டுப் பெறலாம். நம்மவர், அதிலும் ஆண்கள், அங்கு செல்வதே குறைவு.

சட்டத்தையும் குறிப்பிடாமல் விடமுடியாது. 2006 ஆம் ஆண்டின் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலை உற்பத்திகளை விற்பதைத் தடைசெய்தது. 2016 இல், புகையற்ற புகையிலைக் கலவைகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியன வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டன. நல்ல சட்டங்கள்தாம். எனினும் வெற்றிலைக்கூறோடு உலர்ந்த புகையிலைத் துண்டொன்றை வைத்துக் கொடுப்பது பெட்டிக்கடைகளில் தொடர்கின்றது. சிகரட் பெட்டியில் நோயின் படம் இருக்கின்றது. வெற்றிலைச் சுருளில் எந்தப் படத்தை ஒட்டுவது? அதை விற்பவரும் பெரும்பாலும் ஓர் ஏழை விதவையோ வயோதிபரோதான். அவரது அன்றாடப் பிழைப்பையும் எண்ணிப் பார்க்காத தடை நெடுநாள் நிலைக்காது.

பழக்கத்தை விடுவது இயலாது என்போருக்கு ஒன்று சொல்லலாம். ரமழான் மாதத்தில் முப்பது நாட்களும் விடியற்காலை முதல் அந்தி வரை ஒரு துண்டுப் பாக்கும் வாயில் படாமல் இருப்பவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். ஐயப்பனுக்கு மாலையணிந்து ஒரு மண்டலம் வெற்றிலையைத் தொடாதவர்கள் இருக்கின்றனர். அந்நாட்களில் முதல் வாரமே கடினம், பின்னர் பழகிவிடும் என்பதை அவர்களே சொல்வர். பெருநாளன்று மாலையும் மாலை கழற்றிய அன்றும் அவர்கள் முன் வெற்றிலைத் தட்டை நீட்டுபவர்கள் வேறு யாருமல்லர், வீட்டாராகிய நாம்தான். பழக்கத்தை விட்டவருக்கும் பல ஆண்டுகள் வாய்ப் பரிசோதனை அவசியம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தோன்றிய படலம் தானாக மறைந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது.

பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் கோயில் பரிபாலன சபைகளும் இரத்ததான முகாம்களை நடத்திப் பழகியவை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பின்னரோ, திருவிழாக் காலத்திலோ ஒரு பல்வைத்தியரை அழைத்து, வெற்றிலை போடும் நாற்பது வயதுக்கு மேற்பட்டோரின் வாயைப் பார்க்கச் செய்வது அவற்றுக்குப் பெரிய காரியமன்று. நாம் முன்வைக்க விரும்பும் யோசனை அதற்கும் அடுத்த படியைப் பற்றியது. அம்முகாமில் துண்டு பெறும் ஒவ்வொருவரின் பெயரையும் சபையிலுள்ள ஒருவர் இரகசியமாகக் குறித்துவைத்து, குறித்த திகதியில் அவரோடு பேராதனைக்கு பஸ் ஏற வேண்டும். தேவையெனில் அன்றைய நாட்கூலியையும் சபையே கொடுக்கலாம்; சிங்களம் தெரிந்த இளைஞர் ஒருவர் கூடச் செல்லலாம். அன்றைய ஆய்வில் வராமற்போன அந்த மறுபாதியினருக்குக் கிடைக்காமற் போனது இதுபோன்ற ஒரு துணையாகவே இருந்திருக்கக் கூடும்.

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாதத்துக்கு ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், கண்ணாடியின் முன் நின்று, உதடுகளைப் புரட்டி, இரு கன்னங்களின் உட்புறத்தையும் விரலால் இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டி இரு ஓரங்களையும், மேலே தூக்கி அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும். கண் மங்கிய அப்பாவுக்கோ வாப்பாவுக்கோ பிள்ளைகள் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லலாம். வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஏதேனும் தென்பட்டால், மூன்று வாரத்தில் ஆறாத புண் இருந்தால், அடுத்த நாளே அருகிலுள்ள அரசாங்க பல் கிளினிக்கில் காட்ட வேண்டும். பல் வலி இல்லாமல் பல்வைத்தியரிடம் போவதா என்று வீட்டில் எவரேனும் கேட்கத்தான் செய்வார்கள்.